வாயில் ஒன்றும் இல்லாதவன்

வாயில் ஒன்றும் இல்லாதவனுக்கு வெளியே போக அனுமதி கிடையாது. என் தம்பி வேலை பார்த்த பஞ்சுக் குடோனில் இதுதான் சட்டம். யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட சட்டம் இல்லை. ஆனால் எழுதிவைத்த சட்டங்களை மதிக்காதவர்கள்கூட இதை மதித்தார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தத் தெருப் பக்கம் போனாலே வயிறு எரிகிறது.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பஞ்சு இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. வாசலில் காவலாளி ஒவ்வொருவனுடைய சட்டைப் பையையும் இடுப்பையும் தடவிப் பார்ப்பான். ஒரு தீக்குச்சி அகப்பட்டாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் உள்ளே பீடி, சிகரெட் என்ற பேச்சே இல்லை. எல்லோரும் தூள் புகையிலையை ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்கு அடியில் அதக்கிக்கொள்வார்கள். அதக்கினால் எச்சில் ஊறும். விழுங்கினால் நெஞ்சு எரியும், விக்கல் பிடிக்கும். உள்ளேயே துப்பலாம் என்றால், பஞ்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் கறை. நூல் மில்லில் அந்தப் பொதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதலாளிகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே பின்சுவரை ஒட்டி ஒரு பீப்பாயில் மணல். வாய் நிறைந்ததும் சூப்பர்வைசரிடம் சைகை காட்டிவிட்டு, பொதி தூக்குகிற ஆறு பேரும் சேர்ந்து போய்த் துப்பலாம், வாய் கொப்பளிக்கலாம், கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு வரலாம். சாப்பாட்டு நேரத்தைத் தவிர அவர்களுக்கு மூச்சு விடக் கிடைத்தது அது ஒன்றுதான். "துப்பிட்டு வர்றோம்" என்றால் போகலாம். "காலு வலிக்குது" என்றால் போக முடியாது.

என் தம்பி அங்கே சேர்ந்தபோது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. புகையிலையைத் தொட்டதில்லை. முதல் வாரம் மற்றவர்கள் வெளியே போகும்போதெல்லாம் இவன் மட்டும் தூசிக்குள் நின்றுகொண்டிருந்தான். அடுத்த வாரம் இவனும் ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஊரில் எத்தனையோ பேர் ஆசைப்பட்டுப் பழகுகிறார்கள். இவன் காற்றுக்காகப் பழகினான். அதற்கப்புறம் அது ஞாயிற்றுக்கிழமையும் வேண்டியிருந்தது, குடோனே இல்லாத இடத்திலும் வேண்டியிருந்தது.

குடோனில் அவனுக்கு 'உம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காமல் "உம்" என்பான், அதனால். வீட்டிலும் அதே கூத்து. சாப்பாடு எப்படி இருக்கு? உம். மழை வருமா? உம். அவன் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அத்தை என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வரும்தானேம்மா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "வரும், வரும். கொஞ்சம் கூச்சம்" என்று சமாளித்தேன். கூச்சமாம். வாயில் இருந்ததைத் துப்ப இடம் தெரியாமல் அவன் கூடத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் துணி தைக்கிறவள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அப்பா அம்மா போன பிறகு அவனை அதட்டுவதற்கு மிச்சம் இருந்தவள் நான் ஒருத்தி. அந்த வேலையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. புகையிலைப் பாக்கெட்டைப் பார்த்தால் பிடுங்கிச் சாக்கடையில் போடுவேன். பையே இல்லாமல் சட்டை தைத்துக் கொடுத்துப் பார்த்தேன், இடுப்பில் செருகிக்கொண்டான். என் தலைமேல் கைவைத்து விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். நான் இன்னும் உயிரோடு இருப்பது, அந்தச் சத்தியத்தையெல்லாம் எந்தச் சாமியும் காதில் வாங்காததால்தான். அவன் மனைவி ஒரு வாயில்லாப் பூச்சி. அவன் முகத்துப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பதைக்கூட என்னிடம் மென்று முழுங்கித்தான் சொன்னாள்.

கடைசியில் ஒரு பல்வலிதான் வழிக்குக் கொண்டுவந்தது. கன்னம் வீங்கிச் சோறு இறங்காமல் போனதும் நானே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் வலித்த பல்லைப் பார்த்துவிட்டு, கீழுதட்டை விரலால் மடக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். உதட்டின் உட்புறம் வெள்ளை வெளேரென்று, பாலாடை சுருங்கினாற்போல் இருந்தது.

"பால் குடிச்சிட்டு வந்தேன் டாக்டர், அதுவா இருக்கும்," என்றான் தம்பி.

"தொடச்சுப் பாருங்க."

விரலால் துடைத்தான். போகவில்லை. சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான். அப்போதும் போகவில்லை.

"இது இன்னும் கெட்டதா மாறல," என்றார் டாக்டர். "ஆனா மாறலாம். போடறத இன்னைக்கே நிறுத்தினா, தானா மறைஞ்சுகூடப் போகும். நிறுத்தலேன்னா உதட்டையோ தாடையையோ எடுக்கற எடத்துக்குத்தான் உங்கள நான் அனுப்பணும்."

பல்லைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்தோம். வழியெல்லாம் நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தான். எங்கள் தெருத் திருப்பத்தில் நின்றான்.

"அக்கா, விட்டுடறேன்."

"இத நான் எத்தன தடவ கேட்டிருக்கேன்டா."

"அதெல்லாம் உனக்காகச் சொன்னது. இது பயந்து சொல்றேன்."

பயந்து சொன்னதால்தான் நம்பினேன்.

அடுத்து வந்த வாரங்களை அந்த வீட்டுச் சுவரைக் கேட்டால் சொல்லும். துண்டு இடம் மாறியிருந்தது என்று மனைவியிடம் கத்தினான். சாப்பிடும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். தலைவலி, மலச்சிக்கல், கை நடுக்கம். கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டான். ஏலக்காய், கிராம்பு, பேனா மூடி. என் தையல் டப்பாவில் கோட்டுப் பொத்தான் ஒன்று காணாமல் போய்த் தேடியபோது அது அவன் உதட்டுக்கடியில் இருந்தது. ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதான். சுவர் வழியே எனக்குக் கேட்டது. ஒரு சிட்டிகைதானே, போட்டுத் தொலையட்டும் என்று எனக்கே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு மிஷினை மிதித்தேன்.

தெருமுனைக் கடையில் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் திரை மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். இவன் தலை தெரிந்தாலே கடைக்காரர் இரண்டைக் கிழித்து மேஜைமேல் வைத்துவிடுவார். அவ்வளவு பழக்கம். முதல் நாள் "வேண்டாம்ணே" என்றபோது அவர் பதறிப்போய், "ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். ஒரு மனிதன் விஷத்தை வேண்டாம் என்றால்தான் அவன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவார்கள் போல. அதற்கப்புறம் இவன் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வாய் காலியானதும் பேச்சு வந்தது. குடோனில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, சின்ன வயதில் நான் அவனை அடித்தது என்று ஒன்றுவிடாமல் பேசினான். "இவருக்கு இவ்வளவு பேச்சு தெரியும்னே எனக்குத் தெரியாது அண்ணி," என்றாள் அவன் மனைவி. குறையாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள், முகம் மட்டும் மலர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "வாயத் திற" என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டு வந்தது. நான் பார்த்து முடித்ததும் அவன் மனைவி டார்ச்சை வாங்கிப் பார்ப்பாள். பிறகு அவன் கண்ணாடியில் தானே பார்த்துக்கொள்வான். அந்த வீட்டில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் குடோன் இருக்கிறதே.

மற்ற ஐந்து பேரும் துப்பப் போகும்போது இவனும் கூடவே நடந்தான். சூப்பர்வைசர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ எங்க போறே?"

"வெளிய போய்ட்டு வந்துடறேன் சார்."

"உன் வாயிலதான் ஒண்ணும் இல்லையே. நீ நில்லு."

அந்த ஆள் கத்தமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொல்வார். அதுதான் இன்னும் எரிச்சல். இவன் நின்றான். ஆரம்பத்தில் பேருக்கு நின்றான். பிறகு நிற்கிற நேரத்தில் கூட்டச் சொன்னார், கொக்கிகளுக்கு எண்ணெய் போடச் சொன்னார். சேர்ந்த புதிதில் நின்ற அதே தூசியில், தலை நரைக்கிற வயதில் மறுபடி நின்றான். சாயங்காலம் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சூப்பர்வைசர் மற்ற ஐந்து பேரையும் நிறுத்தி, "இவன் ஒருத்தனால வெளிய போகாம வேலை செய்ய முடியுதே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இவனுடன் யாரும் சாப்பிட உட்காரவில்லை. பொதியைச் சாய்வுப் பலகையில் ஏற்றும்போது இவன் பக்கம் பாரத்தைச் சாய்த்தார்கள். நெட்டையன் என்று ஒருவன், இவனுக்கு உயிர் சிநேகிதன், அவனுக்கு இழுப்பு நோய். காற்றில் போய் நிற்காவிட்டால் அவனுக்கு நெஞ்சு விசிலடிக்கும். அவன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அவர்களுடைய மேஸ்திரியே என் வீட்டுக்கு வந்தார். வயசானவர், மரியாதை தெரிந்தவர். தைத்துக்கொண்டிருந்த துணியைக்கூட நான் கீழே வைக்கவில்லை.

"தங்கச்சி, உங்க தம்பிகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"என்னன்னு சொல்லணும்?"

"அவன் போடாட்டிப் போறான். ஆனா அவனக் காட்டியே எங்க வயித்துல அடிக்கறாங்க. அந்தக் கொஞ்ச நேரமும் போச்சுன்னா நெட்டையனெல்லாம் தாங்கமாட்டான்."

"அதுக்கு என் தம்பி வாயக் குடுக்கணுமா? அவன் உதடு எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

அவர் தன் கீழுதட்டைத் தானே தடவிக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டதே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"புகையிலதான் போடணும்னு நான் சொல்லலம்மா. புல்லையோ பூண்டையோ வெச்சுக்கட்டும். வெறும் வாயோட வராதேன்னுதான் சொல்றேன். எங்களோட வந்து அவனும் துப்பட்டும். பாக்கறவனுக்கு என்ன தெரியப்போவுது?"

திட்டி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி, "டீத்தூள் வெச்சுக்கலாமே," என்றாள். வருஷக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் யோசனை அது. நல்ல யோசனையாகவும் இருந்துவிட்டது.

டீ வடிகட்டிய சக்கையை அவள் தட்டில் பரப்பி ஜன்னலில் காயவைத்தாள். அவன் பழைய டப்பாவைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, வாசனை போக வெயிலில் வைத்து, அதில் அடைத்துக் கொடுத்தோம். முதல் நாள் அதக்கிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவற தண்ணி மாதிரி இருக்கு," என்றான். "பரவால்ல, துப்பத்தானே போறே," என்றேன். துப்பினால் நிறம் பழுப்பாகத்தான் வந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்; கெட்டுப்போன பிள்ளை திருந்தி வந்தது போல. இவனுக்குத் துப்பல் நேரம் திரும்பி வந்தது, மற்றவர்களுக்கு அது போய்விடும் என்ற பயமும் விட்டது. நெட்டையன் இவன் தோளில் கை போட்டுக்கொண்டு பீப்பாய்க்குப் போனான். இவன் டீயைத் துப்பினான், அவர்கள் புகையிலையைத் துப்பினார்கள், எல்லோருக்கும் காற்று கிடைத்தது.

இப்படியே பல மாதம் ஓடியது. மற்றவர்கள் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து மூடுவார்கள், வாசனை வரும். ஆரம்பத்தில் வாய் ஊறியது என்றும், பிறகு அது குமட்டலாகிவிட்டது என்றும் சொன்னான். உதட்டில் வெள்ளை போய் ரோஸ் நிறம் முழுசாக வந்துவிட்டது. பல் டாக்டரிடம் காட்டினோம். "நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்று கைகொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் தனக்குக் கைகொடுத்தார் என்று என் தம்பி அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனான்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. நெட்டையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சொன்னதுதான்.

மில்லிலிருந்து ஒரு பொதி திரும்பி வந்திருந்தது. மேல் பக்கம் பழுப்புக் கறை. சூப்பர்வைசர் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். உள்ளே துப்பியது யார் என்று தெரிந்தாகவேண்டும் என்றார். அங்கேதான் என் தம்பி ஒரு தப்புப் பண்ணினான். உண்மையைச் சொல்லிவிட்டான்.

"நான் இல்ல சார். நான் போடறதையே விட்டுட்டேன். இது வெறும் டீத்தூள்."

டப்பாவைத் திறந்தும் காட்டியிருக்கிறான். டாக்டர் கைகொடுத்த பெருமை இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. பைத்தியக்காரன். சூப்பர்வைசர் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

"அப்போ டீத்தூளத் துப்பவா இத்தனை நாளா வெளிய போய்ட்டு வந்தே?"

அவர் டப்பாவை மூடி இவன் கையில் திணித்துவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இவன் வாயில டீத்தூள்னா, மத்தவன் வாயில என்ன இருக்குன்னு நான் எங்க போய்ப் பாக்கறது? நாளையிலேர்ந்து ஒருத்தரும் வெளிய போகவேண்டாம். துப்பறவன் வீட்டுல போய்த் துப்பட்டும்."

ஐந்து பேரும் இவனையே பார்த்தார்கள். மேஸ்திரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "சார், அவன் பயத்துல உளர்றான். அவன் நல்லாப் போடறவன் சார், சின்னப் பையன்லேர்ந்து எனக்குத் தெரியாதா? டீத்தூள்ல கலந்து போடுவான், அவ்வளவுதான்."

"அப்படியா? போடச் சொல்லு, பாக்கலாம்."

மேஸ்திரி தன் டப்பாவைத் திறந்து நீட்டினார். "போடுடா," என்றார். கெஞ்சுகிற மாதிரி சொன்னாராம். நெட்டையனுக்கு அப்போதே நெஞ்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. என் தம்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவுக்குள் விரலை விட்டான். பழைய அளவு விரலுக்கு மறக்கவில்லை. பழைய அளவையே எடுத்து, உதட்டை இழுத்து, அந்த ரோஸ் நிறத்தின்மேல் வைத்துக்கொண்டான்.

"ம், சரி. வேலையப் பாருங்க," என்றார் சூப்பர்வைசர். விசாரணையில் நேரம் போய்விட்டதாம், அதனால் உடனே துப்பப் போக விடவில்லை. ஊறியதையெல்லாம் விழுங்கினான். பழக்கம் விட்டுப்போன உடம்பு அது, தாங்குமா? முகம் வெளுத்து, வேர்த்து, காது அடைத்திருக்கிறது. சாய்வுப் பலகையில் மேலே இரண்டு பேர் கொக்கி போட்டு இழுக்க, கீழே இரண்டு பேர் தோள் கொடுக்க, பொதி பாதி ஏறியிருந்தது. கீழே இடது தோள் இவனுடையது. முழங்கால் மடிந்தது. பொதி அப்படியே இறங்கி அவன் காலில் உட்கார்ந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டியூட்டி டாக்டர் அவன் வாயில் இருந்த புகையிலையை விரலால் வழித்து எடுத்துவிட்டு, "இதெல்லாம் போட்டுக்கிட்டு எதுக்குய்யா பாரம் தூக்கறீங்க?" என்று திட்டிக்கொண்டிருந்தார். தொடை எலும்பு இரண்டு துண்டு. முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆப்பரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் மடக்க முடியாது. பாரம் என்ற பேச்சே இனி கிடையாது என்றார்கள்.

சூப்பர்வைசர் பழப் பையோடு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு அதே நிதானமான குரலில் என்னிடம், "வேலை நேரத்துல புகையில போடக்கூடாதுன்னு குடோன்ல போர்டே இருக்குங்க. டாக்டரும் வாயில இருந்துச்சுன்னு எழுதிட்டாரு. கம்பெனியால ஒண்ணும் செய்யமுடியாது. வேலைக்கும் வேற ஆள் போட்டாச்சு," என்றார்.

"போர்டா? எங்க இருக்கு?"

"கெழக்குச் சுவத்துல."

அந்தச் சுவர் வருஷக்கணக்காகப் பொதிகளுக்குப் பின்னால் இருந்தது என்று நெட்டையன் பிறகு சொன்னான். விபத்து நடந்த மறுநாள்தான் அந்தப் பக்கத்துப் பொதிகளை நகர்த்தச் சொன்னார்களாம். வெயிலே படாததால் எழுத்தெல்லாம் நேற்று எழுதினது போல் இருந்ததாம்.

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அந்த ஆளிடம் நீட்டினேன். "நல்ல பழம்தானா? சாப்ட்டுக் காட்டுங்க, பாக்கலாம்," என்றேன். அவர் பழத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரியும் வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று அழுதார். "டப்பாவக் குடுங்க," என்றேன். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெளியே போய் அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வேறு டப்பா வாங்கியிருப்பார். இல்லாவிட்டால் அவரும்தான் உள்ளே நிற்கவேண்டும்.

வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண், நல்ல மனசு. தலைமாட்டுச் சீட்டில் இருந்ததைப் படித்துவிட்டு, தம்பி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புகையிலை போட்டால் வாய் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கினாள். முதலில் உள்ளே வெள்ளையாக ஒன்று வருமாம். நான் சொல்ல வாயெடுத்தேன். தம்பி என் கையைப் பிடித்து அமுக்கினான்.

"மனசு வெச்சா விட முடியும்ங்க. எத்தனையோ பேரு விட்டிருக்காங்க," என்றாள் அவள்.

"விட்டுடறேம்மா," என்றான்.

"எனக்காகச் சொல்லாதீங்க."

"இல்லம்மா. நெஜமாத்தான்."

அவள் சந்தோஷமாக அடுத்த கட்டிலுக்குப் போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்டா, நீதான் எப்பவோ விட்டாச்சே. அத அவகிட்டச் சொன்னா வாய் கொறஞ்சா போயிடும்?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேக்குதுக்கா," என்றான்.

"என்ன கேக்குது?"

"அன்னைக்கு வெச்சதுலேர்ந்து வாய் மறுபடியும் அதையே கேக்குது. சும்மா படுத்துக் கெடக்கேனா, வேற நெனப்பே வரல. இந்தக் காலு வலியவிட அதுதான் பெருசா இருக்கு."

என் வாழ்நாளில் அவனுக்குத் திட்டு இல்லாமல் பதில் சொன்னதில்லை. அன்றைக்குத் திட்டு வரவில்லை. போனில் இருந்த லைட்டைப் போட்டு, "வாயத் திற," என்றேன். உதட்டை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லடா. சுத்தமா இருக்கு."

"அப்போ மொதல்லேர்ந்து விடணும்," என்றான்.

மறுநாள் அவன் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு அந்தப் பழைய டப்பாவையும் கொண்டுவந்தாள். சக்கை சரியாகக் காயவில்லை. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்து உதட்டுக்கடியில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடினான். அந்த நேரம் பார்த்து மாத்திரைத் தட்டோடு நர்ஸ் வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவன் உதட்டோரத்தில் கசிந்த பழுப்பைப் பார்த்தாள். கத்தவில்லை. முகம் வாடிவிட்டது.

"நேத்துதானே எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க," என்றாள். கட்டிலுக்கடியிலிருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். "துப்புங்க."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கிண்ணத்தில் துப்பிவிட்டு, "மன்னிச்சுக்கம்மா," என்றான். அது டீத்தூள் என்று இந்தத் தடவை அவன் யாரிடமும் சொல்லவில்லை.